பங்கு விற்கும் கையும் செய்தி எழுதும் கையும்

பணத்தைப் பற்றி எழுதுகிறவர் தன் பணம் எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். பத்திரிகைத் தொழிலில் இது பழைய விதி. கிரிப்டோ நாணயங்களைப் பற்றித் தமிழில் வந்து குவியும் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இந்த விதியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நாணயத்தைப் புகழ்கிறவர் அதை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாரா, புகழ்வதற்குக் கூலி பெற்றாரா, அவர் தரும் இணைப்பின் வழியாக நாம் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன் போகுமா? வாசகருக்கு இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை.

நகரத்தில் இருந்து பார்த்தால் இது சின்ன விஷயமாகப் படலாம். மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து பார்த்தால் அப்படிப் படாது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் அந்த வேலைக்கு வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். வேலை முடிந்தால் தோட்டம் தந்த லைன் வீட்டையும் விட்டாக வேண்டுமே என்ற கவலை மட்டும் தோட்டப்புறத்தில் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. அந்தக் கவலைக்குத் தோட்டத் தொழிலாளரிடம் உள்ள ஒரே பதில் ஊழியர் சேமநிதி. 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும் பணம் அது. 2024 மே மாதத்திலிருந்து, நினைத்தபோது எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு முன்பணமாகப் போக வேண்டிய அந்தத் தொகை கையில் இருக்கும் நேரம் பார்த்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு ‘செய்தி’ வந்து விழுகிறது. பிரதமர் அன்வாரே முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பதுபோல் செய்யப்பட்ட போலிக் காணொளிகள் நாட்டில் உலவியிருக்கின்றன. பிரதமர் முகத்தையே போலி செய்கிறவர்களுக்கு, ஊரறிந்த ஒரு தமிழ் நிருபரின் உண்மையான பெயர் கிடைத்துவிட்டால் போலியே தேவைப்படாது.

இதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. 1960-இல் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கிய தொழிலாளி, சங்கம் வாங்கிய தோட்டத்தை நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ம.இ.கா. தொடங்கியது மைக்கா ஹோல்டிங்ஸ். ஏறக்குறைய 66 ஆயிரம் பேரிடமிருந்து 106 மில்லியன் வெள்ளி திரண்டது. நகையை விற்றும் அடகு வைத்தும் பங்கு வாங்கியவர்களில் தோட்டத் தொழிலாளிகள் பலர். 1990-இல் டெலிகோம் பங்குகளில் 10 மில்லியன் மைக்காவுக்கென ஒதுக்கப்பட்டது. மைக்காவுக்கு வந்து சேர்ந்தது 1 மில்லியன். மீதி 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது 1992-இல்தான் வெளியே வந்தது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. வழக்கு எதுவும் வரவில்லை. கடைசியில் 2010-இல், ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு 80 காசு தருவதாக ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்ததற்குக் கிடைத்த விலை அது.

அந்த ஆண்டுகளில் தோட்டப்புறம் வாசித்த முக்கிய நாளேடுகளில் ஒன்று 1924-இல் பிறந்த தமிழ் நேசன். ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தின் கையில் அது இருந்தது. அங்கே பணியாற்றியவர்கள் பொய் எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. பங்கு விற்கும் கட்சியின் தலைமையும் ஏட்டின் உரிமையும் ஒரே வீட்டில் இருக்கும்போது, “எங்கள் பணம் என்ன ஆயிற்று?” என்ற கேள்வியை ஒரு நிருபர் எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பார்? எதிரணிச் சார்புள்ள ஏடு கேட்டாலோ அது கோஷ்டிச் சண்டையாகத் தெரியும். செய்தி எது, கட்சி எது என்று பிரித்தறியும் வழி வாசகருக்கு இல்லாமல் போனது. தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்த ஏற்பாடு மட்டும் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது: விற்கிறவரே செய்தியாளராகவும் இருக்கிறார்.

கிரிப்டோவில் ஆபத்து இன்னும் ஒரு படி கூடுதல். மைக்காவுக்குக் கணக்கு இருந்தது, பொதுக்கூட்டம் இருந்தது, எழுந்து நின்று கத்தவாவது இடம் இருந்தது. சின்ன நாணயம் ஒன்றின் விலையையோ அதைப் பற்றிய செய்தியே ஏற்றிவிடும். முன்கூட்டி வாங்கி வைத்தவர் எழுதுகிறார், படித்தவர்கள் வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது, எழுதியவர் தன் வாசகர்களிடமே விற்றுவிட்டுப் போகிறார். அமெரிக்காவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் பங்குச் சந்தைப் பத்தியாளர் ஃபாஸ்டர் வினன்ஸ், பத்தி வெளிவருமுன் அதில் என்ன வரப்போகிறது என்பதைத் தரகருக்குச் சொல்லிப் பணம் பார்த்தார். 1985-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 1987-இல் உச்ச நீதிமன்றத்திலும் அது நின்றது. லாபத்துக்காகப் பத்தியின் உள்ளடக்கத்தை அவர் திரித்ததாக வழக்கில் தெரியவரவில்லை. எழுதியது உண்மையாகவே இருந்தாலும் வாசகரை ஏமாற்ற முடியும் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

அண்மைக் காலத்தில் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2022 நவம்பர் 2 அன்று காயின்டெஸ்க் என்ற கிரிப்டோ செய்தித்தளம், எஃப்டிஎக்ஸ் பரிவர்த்தனை நிலையத்தின் சகோதர நிறுவனமான அலமேடாவின் சொத்துக் கணக்கை வெளியிட்டது. ஒன்பதே நாளில் எஃப்டிஎக்ஸ் திவாலானது. அந்தச் சரிவு காயின்டெஸ்கின் உரிமையாளருடைய இன்னொரு நிறுவனமான ஜெனிசிஸையும் அடுத்த ஜனவரியில் சாய்த்தது. தன் முதலாளிக்கே நட்டம் தரும் செய்தியை நிருபர் எழுதினார், ஆசிரியர் வெளியிட்டார். எஃப்டிஎக்ஸ் திவாலான அடுத்த மாதமே மறுபக்கம் தெரிந்தது. தி பிளாக் என்ற இன்னொரு செய்தித்தளத்தின் தலைமை நிர்வாகி அதே அலமேடாவிடம் 43 மில்லியன் டாலர் கடன் வாங்கியிருந்தார். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கே அது தெரியாது. காயின்டெஸ்கின் கதையும் அங்கே முடியவில்லை. 2023-இல் ஒரு கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனமே அதை வாங்கியது. மறு ஆண்டு இறுதியில், ஒரு கிரிப்டோ செல்வந்தரைப் பற்றிய கட்டுரை அவர் தரப்பு ஆட்சேபித்த பிறகு நீக்கப்பட்டது. ஆசிரியர் குழுவில் சிலர் வெளியேற்றப்பட்டார்கள். நிருபரின் நேர்மை உரிமையாளரின் வாசற்படி வரைதான் செல்லும். அதனால்தான் எழுதுகிறவரின் கையிருப்போடு ஏட்டை நடத்துகிறவரின் கையிருப்பையும் கேட்க வேண்டியிருக்கிறது.

“என்னிடம் இந்த நாணயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கில வாசகருக்கு ஒருவேளை போதும். அவர் அடுத்த ஏட்டைத் திறந்து ஒப்பிட்டுக்கொள்வார். நம் சூழலில் போதாது. கேமரன் மலையின் ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ உள்ள வாசகருக்குப் பண விவகாரத்தைத் தமிழில் சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. கோயில் திருவிழாவில் பார்த்த முகம், தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சியில் கேட்ட குரல் என்றால், அந்தப் பெயர் ஜாமீன் கையெழுத்தாகவே மாறிவிடுகிறது. “என்னிடமும் இருக்கிறது” என்ற அறிவிப்பை அவர் எச்சரிக்கையாகக் கேட்பதில்லை; “இவரே வாங்கியிருக்கிறாரே!” என்று பரிந்துரையாகத்தான் கேட்கிறார். ஆகவே சிறிய மொழிச் சூழலில் கிரிப்டோவைப் பற்றி எழுதுகிறவர் அதை வைத்திருக்கவே கூடாது. கையாளாமல் எப்படிப் புரியும் என்றால், தொழில்நுட்பம் பழகுவதற்கு ஐம்பது வெள்ளி போதும். அதையும் சொல்லிவிடலாம்.

சட்டமும் நெறியும் இல்லாத வெளியில் நாம் நிற்கவில்லை. 2019 ஜனவரி முதல் மின்னியல் நாணயங்கள் பங்குப் பத்திர ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. பதிவில்லாமல் இயங்கியதற்காக 2021-இல் பைனான்ஸ் என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிலையத்தின் மீதும் 2024 இறுதியில் பைபிட் மீதும் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. உரிமமின்றி முதலீட்டு ஆலோசனை சொன்னால் 10 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிகளோ, பொருளாதார நிருபர்கள் அன்பளிப்பு, கடன், பயணம், முன்னுரிமைப் பங்கு எதையும் பெறக்கூடாது என்று கிரிப்டோ பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டன. இன்று இலவசமாகக் கிடைக்கும் டோக்கன் அந்த முன்னுரிமைப் பங்கின் பேரப்பிள்ளைதான். நம் நாட்டில் 2024-இல் பத்திரிகையாளர் நெறிமுறை வந்தது, 2025-இல் ஊடக மன்றத்துக்குச் சட்டம் வந்தது. இவற்றைத் தமிழ் ஏடுகள் கிரிப்டோ செய்திக்குப் பொருத்திப் பார்க்கவில்லை என்பதே குறை.

இழந்தவரைப் பற்றி எழுதும் முறையிலும் கோணல் இருக்கிறது. 2021-இல் மீரியில் மின்சாரம் திருடி இயங்கிய 1,069 பிட்காயின் கருவிகளைக் காவல்துறை சாலை உருளையால் நசுக்கிய காட்சி உலகமெல்லாம் ஓடியது. பணத்தைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அப்படிப்பட்ட காட்சி இல்லை. அது செய்தியாகும்போது “பேராசை பெருநஷ்டம்” என்ற தலைப்பு தயாராகக் காத்திருக்கிறது. லைன் வீட்டை விட்டுப் போனால் தங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்ததற்குப் பேராசை என்று பெயர் வைப்பது, விற்றவரைத் தப்பவிட்டு வாங்கியவரைத் தண்டிப்பதாகும். சேர்த்துவிட்டவர் பெரும்பாலும் மைத்துனராகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். அதனால்தான் புகார் போலீஸ் நிலையம் வரை போவதில்லை. பெயரையும் படத்தையும் போட்டு அந்த உறவுகளை வெட்டாமல், மேலே இருந்து திட்டத்தை நடத்தியவர் யார், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று தேடுவதே நிருபரின் வேலை.

சிற்றிதழ்கள் அச்சுக்கூலிக்கே தடுமாறுகிறவை. ஒரு பக்க விளம்பரம் ஓர் இதழின் செலவையே ஏற்றுக்கொள்ளும். அது தெரிந்தே இந்த விதிகளை இந்த இதழுக்கு எழுதிக்கொள்கிறோம். நாணயம், டோக்கன், அதிக வட்டித் திட்டம் எதற்கும் இங்கே விளம்பரம் கிடையாது. அவற்றைப் பற்றி எழுதுகிறவர், பழகுவதற்கான ஐம்பது வெள்ளியைத் தவிர, அவற்றை வைத்திருக்கக் கூடாது. ஆசிரியர் குழுவுக்கும் நன்கொடையாளர்களுக்கும் அந்தத் துறையில் உள்ள தொடர்பு அதே பக்கத்தில் அச்சாகும். எந்த நிறுவனத்தைப் பற்றி எழுதினாலும் ஆணையத்தின் பதிவுப் பட்டியலையும் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்த்து, அதில் கண்டதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்வோம். விலை ஏறும் இறங்கும் என்ற ஆரூடம் எழுத மாட்டோம். இவற்றில் ஏதேனும் ஒன்றை நாங்கள் மீறியதாகக் கண்டு எழுதும் வாசகரின் கடிதம் அடுத்த இதழில், இந்தத் தலையங்கம் வரும் இதே பக்கத்தில், ஒரு வரியும் வெட்டாமல் வெளியாகும்.