சென்னை ஃபைவ்ஸும் நம்ம தோட்டத்து அணியும்

அப்புத்தளைப் பக்கம் பந்து விளையாடுற யாரையும் கேட்டுப் பாருங்க. விளையாடின நேரத்தைவிட பந்து எடுக்கப் போன நேரம்தான் கூட என்று சொல்வாங்க. கோட்டைத் தாண்டினால் பந்து நிற்காது. தேயிலைக்குள் உருண்டு, கானில் விழுந்து, கீழ் ரோட்டுக்கே போயிடும். தேடி எடுத்துக்கொண்டு ஏறி வருவதற்குள் மூட்டம் இறங்கிவிடும். அப்புறம் கோல் காக்கிறவனுக்கு எதிரில் வருவது பந்தா ஆளா என்று தெரியாது. பெரட்டுக் களத்தில் பக்கத்துக்கு அஞ்சு பேருக்கு மேல் நிற்கவும் இடமில்லை. அதனால் நாங்கள் சின்ன வயதிலிருந்தே அஞ்சு பேராகத்தான் விளையாடினோம். இதற்கு உலகத்தில் ஒரு பெயரும் சட்டப் புத்தகமும் உண்டு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தப் பெயர் ஃபுட்சால். 1930-இல் உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடியோவில், வை.எம்.சி.ஏ.யில் வேலை செய்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் உருவாக்கிய விளையாட்டு. அந்த வருஷம்தான் உருகுவே முதல் உலகக் கிண்ணத்தை வென்றது. ஊரெல்லாம் உதைபந்துப் பைத்தியம், ஆனால் பிள்ளைகள் எல்லாருக்கும் மைதானம் இல்லை. செரியானி பாஸ்கட்போல் மண்டபத்துக்குள் பந்தைக் கொண்டுபோனார். பாஸ்கட்போலில் இருந்து அஞ்சு ஆட்களையும் 40 நிமிஷத்தையும் எடுத்தார். கோல் கம்பத்தின் அளவை ஹேண்ட்போலில் இருந்து எடுத்தார். ஆக, இது மைதானம் இல்லாத பிள்ளைகளுக்காகவே பிறந்த விளையாட்டு. இதைப் படித்தபோது எங்களுக்கு அப்புத்தளைதான் ஞாபகம் வந்தது.

தமிழ் மண்ணில் இந்த விளையாட்டுக்கு ஒரு அணி இருந்தது. அதன் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2016 ஜூலையில் இந்தியாவில் பிரீமியர் ஃபுட்சால் என்ற லீக் தொடங்கியது. ஆறு அணிகள், பத்து நாள். ரஹ்மான் இசையில் கோலி பாடிய கீதம். லீக்கின் தலைவர் லூயிஸ் ஃபிகோ. மும்பைக்கு ரையன் கிக்ஸ், பெங்களூருக்கு போல் ஸ்கோல்ஸ், கோவாவுக்கு ரொனால்டினோ. சென்னை ஃபைவ்ஸுக்கு வந்தவர் பிரேசிலின் ஃபல்காவோ. மற்றவர்கள் பெரிய மைதானத்து நட்சத்திரங்கள்; இவர் மட்டும்தான் ஃபுட்சாலின் சொந்தப் பிள்ளை. 2008-இலும் 2012-இலும் பிரேசிலோடு ஃபுட்சால் உலகக் கிண்ணத்தை வென்றவர்.

ஆட்டங்கள் சென்னை நேரு உள்ளக அரங்கில் தொடங்கின. எங்களில் சிலர் அப்போது ஏழாம் எட்டாம் ஆண்டு. யாரோ ஒருவருடைய அண்ணனின் போனில் கோல்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அதே அரங்கில் ரொனால்டினோ ஒரே ஆட்டத்தில் அஞ்சு கோல் அடித்தார். அடித்த கையோடு ஊருக்குப் போய்விட்டார்; அவர் இடத்துக்கு கஃபு வந்தார். கிண்ணம் மும்பைக்குப் போனது. சென்னை இறுதி ஆட்டத்துக்கே வரவில்லை.

அடுத்த வருஷம் அணியின் பெயரே மாறிவிட்டது: சென்னை சிங்கம்ஸ். 2017 ஆட்டங்கள் நடந்தது மும்பையில், பெங்களூரில், துபாயில். சென்னை என்று பெயர் வைத்த அணி சென்னையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! அதற்குப் பிறகு அந்த லீக்கே நடக்கவில்லை. ஒரு அணியின் முழு வரலாறும் இரண்டு பந்திகளில் முடிந்துவிட்டது.

காசு முடிந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அந்த லீக்கை அங்கீகரிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் எங்கள் கருத்து வேறு. அந்த அணிக்கு அரங்கு இருந்தது, நட்சத்திரம் இருந்தார், பாட்டு இருந்தது; கீழே பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை காலையில் சென்னை ஃபைவ்ஸ் சட்டை போட்டுப் பயிற்சிக்குப் போகிற 12 வயதுப் பிள்ளைகள் ஒரு தெருவிலாவது இருந்திருந்தால், முதலாளி போன பிறகும் அந்தப் பெயர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தியச் சம்மேளனம் கழகங்களுக்கான ஃபுட்சால் போட்டியைத் தொடங்கியது 2021-இல். இந்தியாவின் தேசிய ஃபுட்சால் அணி முதல் சர்வதேச ஆட்டத்தில் இறங்கியது 2023-இல். ஃபல்காவோ வந்துபோய் ஏழு வருஷம் கழித்து!

அதே 2016 செப்டம்பரில், கொலம்பியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில், ஃபல்காவோவின் பிரேசிலை ஈரான் பெனால்டியில் வீழ்த்தியது. வென்ற ஈரான் வீரர்கள், தோற்ற ஃபல்காவோவைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அந்தத் தடவை ஈரானுக்கு மூன்றாம் இடம். அவர்கள் நட்சத்திரத்தை வாடகைக்கு எடுக்கவில்லை. வருஷா வருஷம் சொந்த ஊரில் ஃபுட்சால் லீக் நடத்தினார்கள்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். நம்மிடம் இருப்பது சென்னைக்கு நேர்மாறு. பிள்ளைகள் இருக்கிறார்கள், கூரை இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம், டிவிஷனுக்கு டிவிஷன் ஒரு அணி. தேர்தல் வந்தால் புதுச் சட்டை வரும், முதுகில் கொடுத்தவர் பெயரோடு. திருவிழாவுக்கு ஒரு கிண்ணம். பெரிய பொடியன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனதும் அணி கலையும். சட்டை கவ்வாத்து வெட்டப் போகிறவரின் உடம்பில் கிழியும். எந்த வருஷம் யார் ஆடினார்கள் என்று ஒரு கொப்பியில்கூட எழுதி வைத்திருக்க மாட்டோம்.

இதற்கு நாங்கள் கேட்பது சட்டை இல்லை, மண்டபம். பிரதேசத்துக்கு ஒன்றாவது.

கணக்குப் போட்டுப் பாருங்க. முழு உதைபந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர். நம்ம மலையில் அவ்வளவு சமதரை கிடைக்காது. வெட்டி எடுக்கவும் கூடாது. மலையை வெட்டினால் என்ன ஆகும் என்று கொஸ்லந்தையைப் பார்த்த நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஃபுட்சால் களம் 40-க்கு 20 மீட்டர் இருந்தால் போதும். ஒன்பதில் ஒரு பங்கு இடம். நம்ம பாஷையில் சொன்னால் கிட்டத்தட்ட 32 பேர்ச். அதாவது ஏழு பேர்ச் காணி அஞ்சு குடும்பத்துக்குக் கொடுக்கிற இடத்தைவிடவும் குறைவு.

"அந்த ஏழு பேர்ச்சே இன்னும் எல்லாருக்கும் கிடைக்கலை, லயத்துக் கூரை ஒழுகுது, உங்களுக்குப் பந்தடிக்கக் கூரையா?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். சரியான கேள்வி. வீட்டுக் காணியில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் கடும் மழையில் மண்சரிவு எச்சரிக்கை வரும்போது சனங்களை எங்கே கொண்டுபோகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு. 2014 ஒக்டோபர் 29-ஆம் தேதி மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும் தப்பியவர்கள் போய்ப் படுத்தது பள்ளிக்கூடங்களில்தான். வகுப்பறைதான் முகாம் என்றால் அத்தனை நாளும் படிப்பு நிற்கிறது. பாதுகாப்பான இடத்தில் ஒரு பெரிய கூரை இருந்தால், மழைக்கு அது முகாம், மற்ற நாளில் விளையாட்டு, இடையில் கல்யாண வீடு, கூட்டம், நாடகம்.

புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்றும் இல்லை. மலைநாட்டில் மூடிக் கிடக்கிற தேயிலை ஸ்டோர்கள் இருக்கின்றன. கந்தப்பளையில் ஒரு பழைய ஸ்டோரைப் பெரிய ஹோட்டலாக்கி, வெளிநாட்டுக்காரர் தங்கிப்போகிறார்கள். ஸ்டோர் ஹோட்டல் ஆகலாம் என்றால் பந்தடி மண்டபம் ஆகக் கூடாதா? எல்லா ஸ்டோரும் பொருந்தாது. நடுவில் தூண் நிற்காத நீளத் தரை வேண்டும், கட்டடம் பத்திரமா என்று பொறியியலாளர் பார்க்க வேண்டும். ஆனால் யாராவது ஒருதரம் போய்ப் பார்த்தார்களா என்பதுதான் எங்கள் கேள்வி. நம்ம ஆட்கள் மூன்று நாலு தலைமுறையாகக் கொழுந்து சுமந்துபோய்க் கொட்டிய இடம் அது.

இன்னொன்று, பொம்பிளைப் பிள்ளைகள். நம்ம கிரவுண்டில் அவர்கள் பந்தைத் தொட்டால் சுற்றி நிற்கிறவர்கள் விடுகிற சத்தம் நமக்குத் தெரியும். நாங்களும் விட்டிருக்கிறோம். விளக்கும் கதவும் நேர அட்டவணையும் உள்ள மண்டபத்தில் வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு என்று எழுதி ஒட்டலாம். 2025-இல் பிலிப்பைன்ஸில் பெண்களுக்கான முதல் ஃபுட்சால் உலகக் கிண்ணமே நடந்துவிட்டது. நம்ம தங்கச்சிமார் இன்னும் கானோரம் நின்று பந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

மண்டபம் நாளைக்கே வராது. பிரதேச சபைக்கு எழுதுவோம், தோட்ட நிர்வாகத்திடம் கேட்போம், திரும்பவும் கேட்போம். அதுவரைக்கும் காசில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தோட்டத்து அணியின் பெயர், தொடங்கின வருஷம், ஆடினவர்கள், கலைந்த காரணம், இதை ஒரு கொப்பியில் எழுதுங்க. அப்பாமாரிடம், மாமாமாரிடம் கேட்டு எழுதுங்க. நாங்கள் எங்கள் டிவிஷனில் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்திலேயே ஒரு சண்டை: 90-களில் கோல் காத்தது யார் என்று இரண்டு மாமாமார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.