முதல்ல சட்டம், அப்புறம் ஏலம்!

ஆதம்பாக்கம் என்.ஜி.ஓ. காலனி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஸ்டம்புக்குச் செங்கல் தேடுவதற்கு முன்னாடியே பசங்க சட்டம் பேசி முடித்திருப்பார்கள். காம்பவுண்டுக்குள்ளே நேராகப் போய் விழுந்தால் அவுட், ஒன் பிட்ச் கேட்ச் உண்டு, எல்.பி. கிடையாது. அதற்கப்புறம்தான் ஆள் பிரிப்பது. தூக்கி அடித்தால் அவுட் என்று ஆகிவிட்டால், தூக்கி அடிக்கிறவனை யார் முதலில் கூப்பிடுவார்கள்?

இந்தச் சின்ன விஷயம் உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் போர்டுக்குப் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

2025 ஐ.பி.எல்.லுக்கான மெகா ஏலம் 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெட்டாவில் நடந்தது. எத்தனை பேரைத் தக்கவைக்கலாம், எவ்வளவு விலைக்கு, ஆர்.டி.எம். உண்டா இல்லையா... எல்லாம் அறிவிக்கப்பட்டது செப்டம்பர் கடைசியில்! ஜூலை 31 அன்றே உரிமையாளர்களைக் கூப்பிட்டுப் பேசியாகிவிட்டது. அப்புறம் இரண்டு மாதம் மௌனம். தக்கவைப்புப் பட்டியலுக்குக் கெடு அக்டோபர் 31. மூன்று வருஷத்துக்கான அணியின் அஸ்திவாரத்தை ஒரு மாசத்தில் போடு என்றால் எப்படி?

சரி, போன தடவை மாதிரியே இருக்கும் என்று நம்பி வேலையை ஆரம்பிக்கலாமா? அதுவும் முடியாது. 2018-ல் தக்கவைப்பும் ஆர்.டி.எம்.மும் சேர்த்து ஐந்து பேர். 2022-ல் நாலு பேர், ஆர்.டி.எம். கிடையாது. 2025-க்கு ஆறு பேர், ஆர்.டி.எம். மறுபடி உண்டு, ஆனால் ஒரு வாலோடு. பழைய அணி கார்டைக் காட்டியதும், ஏலம் கேட்டவர் இன்னொரு தடவை இஷ்டத்துக்கு விலையை ஏற்றலாம். நூர் அகமதுக்கு குஜராத் கார்டைக் காட்டியது. சென்னை 5 கோடியை ஒரே தாவலில் 10 கோடி ஆக்கியது. குஜராத் கையை விரித்துவிட்டது.

"குழப்பம் எல்லாருக்கும் பொதுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. நாளைக்கு நம்மிடம் இருப்பானா என்று தெரியாத பையனை எந்த அணி வளர்க்கும்? சட்டம் தெரியாதபோது எல்லாரும் தெரிந்த முகத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சென்னையைப் பாருங்கள். ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. மொத்தம் 120 கோடியில் 65 கோடி காலி. அந்த 4 கோடிக்கும் ஒரு கதை உண்டு. ஐந்து வருஷம் சர்வதேசப் போட்டி ஆடாதவர் 'அன்கேப்டு' என்ற சட்டம் 2021-க்குப் பிறகு தூக்கிப் போடப்பட்டது. 2024-ல் தூசு தட்டி எடுத்தார்கள். கடைசியாக 2019-ல் இந்தியாவுக்கு ஆடிய, உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் புதுமுகம் ஆனார்! தோனி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். இருந்த சட்டத்தைச் சென்னை பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் ஆளைப் பார்த்துச் சட்டம் எழுதினார்களோ என்று ஊர் பேசும்படி வைத்தது யார் தப்பு?

பலன்? 2025-ல் 14 ஆட்டத்தில் 4 வெற்றி, முதல் தடவையாகக் கடைசி இடம். மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியது, பாதியில் மாற்று ஆளாக வந்த ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ் மாதிரி இளவட்டங்கள். அதே வருஷம் நவம்பரில் 18 கோடி ஜடேஜா, சாம் கரனோடு ராஜஸ்தானுக்குப் போனார், சஞ்சு சாம்சன் இங்கே வந்தார். டிசம்பரில் இந்தியாவுக்கே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி! ஒரு வருஷம் முன்னால் இந்தத் துணிச்சல் எங்கே போயிருந்தது? அணியின் தப்பும் இதில் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் பயந்து பயந்து அணி எடுக்கிற பழக்கத்தை வளர்த்துவிட்டது போர்டுதான்.

அமெரிக்கக் கால்பந்திலும் இது நடந்தது. வழக்கமாக மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எடுப்பார்கள், ஏப்ரலில் கல்லூரிப் பசங்களுக்கான டிராஃப்ட். 2011-ல் முதலாளிகள் கதவைப் பூட்டியதில் அந்த வரிசை தலைகீழ். சந்தையில் யார் கிடைப்பார் என்றே தெரியாமல் பசங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பூட்டு திறந்தது ஜூலை 25-ல். ஆனால் அங்கே வீரர்களுக்குச் சங்கம் இருந்தது. சண்டை போட்டாலும் பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இங்கே ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்காகப் பேரம் பேச ஒரு சங்கம்கூட இல்லை.

2027 சீசனோடு இந்தச் சுற்று முடிகிறது. அடுத்த மெகா ஏலத்துக்கான சட்டத்தை ஒரு வருஷம் முன்னாடியே வெளியிடட்டும். இரண்டு சுற்றுக்கு அதைத் தொடாமல் இருக்கட்டும். போர்டுக்குப் பத்துப் பைசா செலவில்லை. டி.என்.பி.எல்.லில் ஆடிவிட்டு எந்த அணி கூப்பிடும் என்று காத்திருக்கும் பையனுக்கு அதுதான் வாழ்க்கை.