பட்டப்பகலில் உலாவும் காட்டேரி

2025 அக்டோபர் 21 அன்று, தீபாவளி வசூலுக்காக 'தம்மா' என்ற இந்திப் படம் திரைக்கு வந்தது. இரத்தம் குடிக்கும் வேதாளங்களை வைத்துச் சிரிப்பு மூட்டும் படம். சில காட்சிகளை நமது உதகையிலும் எடுத்தார்கள். 1947 பிரிவினைக் கலவரத்தில் மனிதனை மனிதன் வெட்டியதைக் கண்டு, வேதாளங்களே மனித இரத்தத்தை வெறுத்துவிட்டனவாம்! நல்ல கிண்டல், மதவெறியர் கன்னத்தில் விழுந்த அறை. சிரிப்புக்கு நாம் விரோதிகள் அல்ல. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1979ல் அமெரிக்காவில் 'லவ் அட் ஃபர்ஸ்ட் பைட்' என்ற நகைச்சுவைப் படம் வந்தது. ருமேனியாவின் கம்யூனிஸ்ட் அரசு, இரத்தக் காட்டேரியான டிராகுலா பிரபுவின் கோட்டையை எடுத்துக்கொள்கிறது. எதற்காக? உடற்பயிற்சி வீராங்கனைகள் பழகுவதற்காக! பிரபு நியூயார்க்குக்கு ஓடுகிறார், காதலிக்கிறார், கொட்டகை அவருக்காக உருகுகிறது. ஊரின் இரத்தத்தைக் குடித்தவன் கதாநாயகன். கோட்டையைத் திறந்துவிட்டவர்கள் கோமாளிகள்! இதுதான் முதலாளித்துவ நகைச்சுவையின் வர்க்க குணம்.

1897ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலிலும் டிராகுலா கூலிக்காரன் அல்ல; கோட்டையில் வாழும் பிரபு. அதற்கு 30 ஆண்டுகள் முன்பே, 1867ல், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை மார்க்ஸ் இரத்தக் காட்டேரிக்கு ஒப்பிட்டார். சினிமாக் காட்டேரி வெயிலுக்கு அஞ்சும். இந்தக் காட்டேரியோ கணக்குப் புத்தகத்தோடு பட்டப்பகலில் வரும்!

கூடலூர், பந்தலூர் மழையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் அட்டை ஏறுகிறது. வயிறு நிறைந்ததும் அது தானே கழன்று விழுகிறது. இலாப வேட்டைக்கு வயிறு நிறைவதே இல்லை.

படம் வந்து சரியாக ஒரு மாதம். நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டின் ஆலைச் சட்டமும் அதே குழியில் விழுந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவை தோட்ட முதலாளியின் கடமை என்றது பழைய சட்டம். அரசுத் திட்டங்களின் மூலமும் அவற்றைக் கொடுத்துவிடலாம் என்கிறது புதிய தொகுப்பு. இலாபம் துரைக்கு, லைன் வீட்டுக் கூரை மக்கள் வரிப்பணத்தில்! இந்தக் கூத்துக்கு எந்தக் கொட்டகையில் சிரிப்பது?

சினிமாவில் காட்டேரியை விரட்டப் பூண்டும் சிலுவையும் போதும். நமக்கு எது ஆயுதம்? 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொடி வேற்றுமை பாராமல் எதிர்த்து நின்றன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. நம் ஒற்றுமைக்கு முன்னால் காட்டேரி நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பஞ்சாலைத் தோழர்களே, வயல்காட்டுத் தோழர்களே! மலையில் கூடை சுமக்கும் சகோதரியின் உரிமை பறிபோனால் நாளை உங்கள் உரிமைக்கும் காவல் இல்லை. படம் பாருங்கள், வயிறு குலுங்கச் சிரியுங்கள். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், நேரே சங்கத்துக்கு வாருங்கள்!