மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள்!

‘தென்னையில் மட்டை வெட்டியபோது அணில் கூடு விழுந்துவிட்டது. உள்ளே கண் திறக்காத 3 குட்டிகள் இருந்தன. பிள்ளைகள் இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் ஒரு குட்டி இறந்து கிடந்தது. இன்னொன்றுக்குப் பால் குடிக்கும்போதே மூக்கில் பால் வந்தது. சாயங்காலத்துக்குள் அதுவும் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றையாவது காப்பாற்ற வழி உண்டா?’

- வாசகி ஒருவர், பேராவூரணி.

அவசரமான கேள்வி என்பதால் வாசகிக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லப்பட்டுவிட்டது. தென்னந்தோப்பு உள்ள வீடுகளில் அடிக்கடி நடக்கிற விஷயம் என்பதால் விவரம் இங்கே.

இரண்டாவது குட்டி இறந்ததற்குக் காரணம், பால் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போனதாகத்தான் இருக்கும். முதல் குட்டிக்கும் அதுவே நடந்திருக்கலாம், அல்லது இரவில் உடம்புச் சூடு குறைந்து இறந்திருக்கலாம். கன்றுக்குட்டிக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டும்போது தலையை அதிகமாகத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்தால் புரை ஏறுமே, அதே சங்கதிதான். கன்று இருமி வெளியே தள்ளிவிடும். உள்ளங்கையில் அடங்குகிற அணில் குட்டிக்கு அந்தத் தெம்பு கிடையாது.

கூடு விழுந்த அன்றே என்றால், பால் தேடுவதற்கு முன்பு தாயைத் தேட வேண்டும். குட்டிகளைத் துணி விரித்த சின்னக் கூடையில் வைத்து, அதே மரத்தில் நாய், பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, ஆட்கள் விலகி நிற்க வேண்டும். தாய் அணில் பெரும்பாலும் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். மனிதர் கை பட்டால் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பொழுது சாய்ந்தும் தாய் வரவில்லை என்றால்தான் கையால் வளர்க்கும் வேலை.

அப்போதும் முதலில் தர வேண்டியது பால் அல்ல, சூடு. உடம்பு சில்லிட்ட குட்டியால் ஒழுங்காக விழுங்கவும் முடியாது, குடித்தது செரிக்கவும் செய்யாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்கலாம். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் நிலைக்கு வந்த பிறகு, ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாகச் சில சொட்டுகள் கொடுத்துப் பழக்க வேண்டும்.

பசும்பால் அணில் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, கழியும். நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடர் நல்லது. அது கிடைக்கும்வரை ஒன்றிரண்டு வேளைக்குக் காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பாலில் சமாளிக்கலாம்.

இங்க் ஃபில்லரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒரு அழுத்தில் எவ்வளவு வரும் என்பது அதில் யாருக்கும் தெரியாது. மருந்துக்கடையில் 1 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். பலமுறை கழுவிய சிரிஞ்சில் உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிப்போகும். அழுத்தினால் நகராது; கொஞ்சம் பலமாக அழுத்தியதும் ஒரேயடியாகப் பீய்ச்சிவிடும். நிறையக் குட்டிகள் இப்படித்தான் சாகின்றன. ரப்பர் பிடிக்கிறது என்று தெரிந்ததும் சிரிஞ்சை மாற்றிவிட வேண்டும்.

கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்கவே கூடாது. குட்டி வயிறு கீழே இருக்கும்படி உட்கார்ந்து, தலை மட்டும் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். உதட்டின் ஓரமாக ஒரு சொட்டு. அதை விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. பசி வெறியில் குட்டி சிரிஞ்சைப் பிடித்து இழுத்து உறிஞ்சும். பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால், புரை ஏறுவது அந்த நேரத்தில்தான். சிரிஞ்சை எடுத்துவிட்டு, அது மூச்சு வாங்கியபின் தொடரலாம். 20 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 1 மில்லி போதும். கண் திறக்காத குட்டிக்கு 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. குடித்து முடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியை மெதுவாகத் தடவினால்தான் மூத்திரம், சாணம் போகும். தாய் நக்கிவிடுகிற வேலை அது.

மூக்கில் பால் குமிழ் வந்தால், அந்த நொடியே நிறுத்தி, தலை கீழ்நோக்கிச் சாயும்படி பிடித்து, மூக்கைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உதறுவது, முதுகில் தட்டுவது, வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம். மூச்சு சீராகும்வரை ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

அதன்பின் 2, 3 நாள்கள் கவனிக்க வேண்டும். குட்டியைக் காதருகே பிடித்தால் மூச்சோடு சேர்ந்து ‘டிக் டிக்’ என்றோ ‘கொர கொர’ என்றோ சத்தம் கேட்கிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே ஆடுகிறதா, நேற்றுவரை ஆவலாகக் குடித்தது இன்று முகத்தைத் திருப்புகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நுரையீரலில் சளி கட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அணில் காட்டுயிர் என்பதால், பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கும் தகவல் சொல்லிவிடலாம். போகிற வழியில் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில் இருக்கட்டும். பால் மட்டும் கொடுக்க வேண்டாம்.