கொழும்பு வழி வரும் மிளகு

ஆசிரியர் அவர்களுக்கு,

‘எட்கா’ எனப்படும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தத்துக்காக இந்தியாவும் இலங்கையும் 2016 முதல் பேசிவருகின்றன. 2024இல் பதினான்காம் சுற்றும் நடந்தது. அந்த ஒப்பந்தத்தில் மிளகுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கொல்லிமலையில் மிளகு பறிக்கிற எங்களிடம் ஒருவரும் வந்து சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

பழைய ஒப்பந்தங்களில் பட்டது போதாதா? 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு தீர்வையில்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்கு ‘சாப்டா’ எனப்படும் தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் 8 சதவீதத் தீர்வைதான். வியட்நாம் மிளகு நேராக வந்தாலோ, தென்கிழக்கு ஆசிய நாடுகளுடனான ஆசியான் ஒப்பந்தச் சலுகை போகவும் 50 சதவீத அளவில் தீர்வை கட்ட வேண்டும். குறுக்கு வழி தேட இதைவிட என்ன வேண்டும்? வியட்நாம் சரக்கு கொழும்பில் இறங்கி, இலங்கையில் விளைந்ததாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது என்று குடகு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதை இலங்கை அரசே 2019 இறுதியில் தடுத்தது. காரணமில்லாமலா? இந்தக் குறுக்கு வழியில் இலங்கையின் மாத்தளை விவசாயிக்கும் நஷ்டம்தான். அவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை.

சான்றிதழ் தருவது இலங்கை வணிகத் திணைக்களம். சந்தேகம் வந்தால் நம் சுங்கத்துறை அவர்களுக்கே எழுதிக் கேட்க வேண்டும். இறக்குமதியாளரும் ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் எத்தனை சான்றிதழ் சோதிக்கப்பட்டது, எத்தனை பொய்யென்று தெரிந்தது என்பது விவசாயிக்குத் தெரிய வேண்டாமா?

2017 டிசம்பரில் இந்திய அரசு மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. உடனே இறக்குமதியாளர்கள் பில்லில் மட்டும் விலையை ஏற்றிக் காட்டுகிறார்கள் என்று புகார் கிளம்பியது. ஏற்றுமதிக்காக இறக்குபவர்களுக்கு விலக்கு வேறு. உள்ளூர் விலை ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த வேலிக்கு வேலையே இல்லை.

இப்போது விலை பரவாயில்லையே என்பார்கள், மலைக்குக் கீழே இருப்பவர்கள். ஆனால் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி காய்க்க மூன்று நான்கு வருடமாகும். விலை ஏறியதும் நட்டு, இறங்கியதும் பிடுங்கிப் போடுகிற பயிரா இது? விலை சரிந்தால் எங்கள் சோளக்காடு சந்தையில் வியாபாரி சொல்வதுதான் விலை.

அரசியலமைப்பில் விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, வெளிநாட்டு வணிகம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒன்றிய அரசு; அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. 2009இல் ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேரளத்தில் மனிதச் சங்கிலியே நடந்தது. எங்கள் மலையில் ஓட்டு குறைவு என்பதாலோ என்னவோ, இங்கே பேச்சே இல்லை.

எட்காவில் கையெழுத்தாகும் முன் மிளகு பற்றிய பகுதியைத் தமிழில் வெளியிட வேண்டும். தமிழக அரசு மலை விவசாயிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டு டெல்லிக்கு எழுத வேண்டும். எந்தத் துறைமுகத்தில் எந்த நாட்டு மிளகு எவ்வளவு இறங்கியது, எது சோதிக்கப்பட்டது என்ற கணக்கை மாதந்தோறும் அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மிளகு விவசாயி,
வாசலூர்பட்டி, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.