அட்டவளும் அமர்ந்து உண்க

உணவைப் பற்றி எழுதுதல் புலமைத் தொழிலுக்கு இழுக்கு என்று கருதுவார் உளர். சங்கச் சான்றோர் அவ்வாறு கருதினாரல்லர். பாணர் உண்ட ஊன்சோறும், எயிற்றியர் கரம்பு நிலத்தைக் கிளறித் தொகுத்த புல்லரிசியும் அவர்தம் பாட்டுக்குப் பொருளாயின. அவர் காட்டிய வழியில், யானும் ஒரு சட்டியைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன். அச்சட்டி யப்பானியருடையது.

யப்பான் என்றவுடன் நம் இலக்கிய அன்பர்க்கு நினைவில் எழுபவர் பேரறிஞர் சுசுமு ஓனோ (1919–2008). தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று அவர் கூறினார். நம் பொங்கலையும், அந்நாட்டார் தைத்திங்கள் நடுவில் கொண்டாடும் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து ஆராய்ந்தனர். மொழிநூலாரிற் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்றிலர். அவ்வழக்கு அறிஞர் மன்றத்திலேயே நடக்கட்டும். யான் இங்குப் பேச விரும்புவது அடுப்பு உறவு. அதற்கு வேர்ச்சொற் பட்டியல் வேண்டுவதில்லை.

குளிர்காலத்தில் யப்பானியர் விரும்பி உண்பது ‘நாபே’. அச்சொல்லுக்குச் சட்டி என்பதே பொருள். கலத்தின் பெயர் அதில் வெந்த உணவுக்கு ஆகி வந்தது. ஆகுபெயர் நமக்கு மட்டும் உரியதன்று! மட்சட்டியில் நீர் வார்த்து, கடற்பாசியும் உலர்மீன் சீவலும் இட்டுச் சாறு இறக்குவர். அச்சாற்றில் கோவா, லீக்ஸ், காளான், சோயாக்கட்டி, மீன் அல்லது கோழி இவற்றை இட்டு, வெந்தவற்றை வெந்தவாறே எடுத்து உண்பர். ஈற்றில் எஞ்சிய சாற்றிற் சோற்றை இட்டு, முட்டையை அடித்து ஊற்றிக் கஞ்சியாக்கி முடிப்பர். இவ்வளவும் அடுக்களையில் நிகழ்வதன்று. உண்போர் நடுவே சிற்றடுப்பு, அதன்மேற் சட்டி, சுற்றிலும் குடும்பம். ஒரு பானைச் சோற்றை உண்டவர் என்று சொல்லித்தான் நெருங்கிய தோழமையை அந்நாட்டார் குறிப்பர்.

ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், பகலிலும் மூடுபனி வாயில்வரை வந்து நிற்கும் அப்புத்தளையில் வாழ்வோர்க்கு இவ்வுணவின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேண்டும் பொருள்களோ நம் வீட்டிலேயே உள்ளன. யப்பானியர் சாற்றுக்கு இடும் உலர்மீன் சூரை இனத்தது. நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசியும் அம்மீனே. மாலைதீவார் அதனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துவர். காய்கறிக்கு வெலிமடையும் பண்டாரவளையும் போதும்.

எம் இல்லத்தில் செய்யும் முறை இது. நால்வர்க்கு ஒரு சிறு பிடி மாசியை இடித்து, இஞ்சியுடன் ஆறு குவளை நீரிற் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிக்கின்றோம். அச்சாற்றில் முதலில் உருளைக்கிழங்கும் கரட்டும்; அவை பாதி வெந்தபின் கோவாவும் லீக்சும்; கடைசியிற் கீரை. உப்பும் மிளகும் அளவாக. இறக்கியபின் சிறிது தேசிக்காய்ச் சாறு. எஞ்சியதிற் பழஞ்சோற்றை இட்டாற் கஞ்சி. ஒரு சட்டி, ஓர் அடுப்பு, ஒரு நேர விறகு. எரிவாயுவுக்காக மக்கள் தெருவிற் காத்துக் கிடந்த 2022ஆம் ஆண்டை நினைப்பவர் இச்சிக்கனத்தை எளிதென்று தள்ளார்.

ஆயினும், சுவையும் சிக்கனமும் மட்டுமே பொருளாயின் யான் எழுதுகோலை எடுத்திரேன். அச்சட்டி உண்போர் நடுவில் வைக்கப்படுகின்றதே, அதுவே என் பொருள்.

நம் தோட்டங்களை நோக்குங்கள். காலைப் பெரட்டுக்கு முன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, நாள் முழுதும் மலைச்சரிவிற் கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து லயத்துக்கு மீளும் பெண், மாலையில் மறுபடியும் அடுப்பின்முன் குந்துகின்றாள். சோறு, பருப்பு, கறி, சம்பல் என ஒன்றன்பின் ஒன்றாக ஆக்குகின்றாள். கணவன் உண்கின்றான், முதியோர் உண்கின்றனர், பிள்ளைகள் உண்கின்றனர். பின்னர், ஆறிய சட்டியை அவள் வழிக்கின்றாள். தோட்டத்தில் மட்டுமோ? ஆசிரியர் இல்லங்களிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம்.

‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பர். சட்டியில் எவ்வளவு இருந்தது என்பதை அறிந்தவர் யார்? அகப்பை பிடித்தவள் ஒருத்தியே. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் மலையகத் தோட்டங்களிற் பட்டினியால் மாண்டோர் பலர். அத்தகைய நாள்களிற் குறையை மறைத்துப் பிறர்க்கு நிறைவாகப் படைப்பவள், கடைசியில் உண்பவளே. சட்டி நடுவே இருப்பின் அம்மறைவு இயலாது. இருப்பதை எல்லோரும் காண்பர். குறைவாயின் குறைவையும் பகிர்ந்துகொள்வர்.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் இவ்வெண்ணம் எழுகின்றது. கூடலூர் கிழார் பாடியது அது. தயிரைப் பிசைந்த விரலை ஆடையிலே துடைத்து, தாளிப்புப் புகை கண்ணிற் படியத் தானே சமைத்த தலைவி, கணவன் இனிதென்று உண்ணக் கண்டு முகம் மலர்ந்ததைச் செவிலி நற்றாய்க்கு உரைக்கின்றாள். மனையறத்தின் மாட்சிக்கு இதனினும் நுண்ணிய சித்திரம் இல்லை. பாட்டு அம்மலர்ச்சியோடு நிற்கின்றது. அதன் எல்லை அது. வகுப்பில் யான் கேட்கும் வினா அதற்கு அப்பாற்பட்டது: அவள் எப்பொழுது உண்டாள்? மாணவர் சிரிப்பர், பின் சிந்திப்பர், சிலர் தம் அன்னையரை நினைத்துத் தலைகவிழ்வர்.

தடை எழுப்புவார் உளர். ‘அயல்நாட்டு உணவு நமக்கு எதற்கு?’ என்பர். நம் சம்பலைச் சிவக்கச் செய்யும் மிளகாய் போர்த்துக்கீசர் வருகைக்கு முன் நம் அடுக்களையை அறியாது. சங்கத் தமிழர் கண்டது மிளகே. ‘ஒரு சட்டியைச் சூழ்ந்து உண்டால் எச்சில் ஆகாதோ?’ என்பர். அகப்பை பொது, கிண்ணம் தனித்தனி, எச்சிலுக்கு இடமே இல்லை. ‘மனைவி நின்று பரிமாறுவதே பண்பாடு’ என்பர். பரிமாறும் அன்பை யான் மறுக்கவில்லை. அவ்வன்பை ஒருத்தியே நாள்தோறும் பசியோடு நின்று காட்ட வேண்டும் என்பதையே மறுக்கின்றேன். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியும் ஒரு கலமே. பசித்தார் யாவராயினும் அதற்கு ஒன்றே.

ஆகவே ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். மனையியல் மாணவியர்க்கே உரிய பாடம் என்னும் எண்ணத்தை விடுங்கள். மாணவர் கையிலும் கத்தியையும் அகப்பையையும் கொடுங்கள். மாணவர்க்கும் ஒன்று சொல்வேன்: வாரத்தில் ஒருநாள் இரவேனும் காய் நறுக்குவது நீங்களாகுக, சட்டியைக் கூடத்தின் நடுவே கொணர்ந்து வைப்பதும் நீங்களாகுக. முதல் அகப்பையை அன்னையின் கிண்ணத்தில் வாருங்கள். சூடு ஆறுமுன் அவர் உண்ணட்டும்.