பெட்டி அடுக்கிய அறையைத் திறந்து கொடுங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும், மாநகராட்சிக்கும்,

நான் ஓவர்லாக் அடிக்கிற டெய்லர். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். திருப்பூருக்கு வந்து 12 வருஷம் ஆகிறது. எனக்கு இரண்டரை வயதில் ஒரு மகன். அவனைப் பார்த்துக்கொள்வதற்காக என் அம்மா ஊரை விட்டு வந்து எங்களோடு லைன் வீட்டில் இருக்கிறார். அவருக்கு வயது 66.

போன மாதம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பீஸுக்கு இத்தனை பைசா என்று யாரோ கொடுத்துவிட்டுப் போகிற வேலை. மகனின் கணுக்காலில் பனியன் வேஸ்ட் துணியைத் திரித்துக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கன்னுக்குட்டியா அவன்?" என்று கத்திவிட்டேன். அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "கண்ணு தெரியலடி. அவன் ரோட்டுப் பக்கம் போனா நான் எங்க பாக்கிறது? இழுத்தா தெரியும்ல" என்றார்.

இரண்டு கண்ணிலும் புரை. அதை அவர் அதுவரை என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று பயந்திருக்கிறார். அன்று ஒன்றரை ஷிஃப்ட். இரவு எட்டரைக்கு மிஷினை நிறுத்துகிறவரை அந்தத் துணிக்கயிறுதான் என் கண்ணுக்குள் நின்றது. எங்களைப் போன்றவர்கள் தைத்தது போக மிஞ்சிய துணி அது.

முதலாளிமார்களே, இந்தக் கயிற்றுக்குத் தேவையே இல்லாமல் சட்டம் எப்போதோ வழி சொல்லிவிட்டது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேர் வேலை செய்தால் காப்பகம் கட்டாயம் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த 50 பேர் கணக்கை அப்படியே வைத்திருக்கிறது. நான்கு தடவை! நான் ஒரே தடவை, அதுவும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்து பார்க்கிறேன்.

நான் முன்பு வேலை செய்த கம்பெனி ஒன்றில் அந்த அறை இருந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. கதவில் 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு, உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். பையர் ஆடிட் வருவதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் வந்து, "அக்கா, நாளைக்குப் பையனக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார். மறுநாள் பெட்டிகளைக் காணோம். பாய் விரித்து, சுவரில் மிக்கி மவுஸ் படம் ஒட்டியிருந்தார்கள். செக்கிங்கில் இருக்கிற அக்காவுக்குப் புதுப் புடவை கட்டிவிட்டு ஆயா ஆக்கியிருந்தார்கள். மகன் ஒரு ரப்பர் குதிரையை விடவே இல்லை. காலை முழுக்க நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் குதிரையைக் கையிலிருந்து பிடுங்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினார்கள். மறுநாள் பெட்டிகள் திரும்ப வந்துவிட்டன. அவன் ஒரு வாரம் "குதிர, குதிர" என்று அழுதான்.

அம்மா இருப்பதால் என் பாடு எவ்வளவோ தேவலை. எங்கள் லைனில் கடைசி வீடு ஒடிசாக் குடும்பம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிறார்கள். கைக்குழந்தையை ஒன்பது வயது அக்காதான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறாள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்று எத்தனை நாள் ஆகிறது என்று கேட்க யாரும் வரவில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்ல இருக்கிறது. பால்வாடிச் சத்துணவும் சத்துமாவும் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் வாடிப்போகும். அந்த ஆசிரியர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்குள் பால்வாடி பூட்டிவிடும். எங்களுக்கு ஒரு ஷிஃப்ட் முடிவதே ஐந்தரைக்கு. காலையில் எங்களுக்கு அடுப்பு மூட்ட நேரமில்லை என்று தெரிந்துதானே 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் காலை உணவைக் கொண்டுவந்தீர்கள்? அதே மனசோடு சாயங்கால நேரத்தையும் பாருங்கள்.

என் அம்மாவுக்கு ஊரில் முதியோர் பணம் வந்துகொண்டிருந்தது. 1,200 ரூபாய். அவர் இங்கே வந்த பிறகு விசாரிக்க வந்தவர்கள் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். இங்கே கேட்டால் ஊரில் போய்க் கேள் என்கிறார்கள், ஊரில் கேட்டால் இருக்கிற இடத்தில் எழுதிக் கொடு என்கிறார்கள். மகள் பிள்ளையை வளர்க்க வந்ததற்கு ஒரு கிழவிக்கு இது தண்டனையா? ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி பண்ணுகிற ஊரில், எங்களை மிஷினில் உட்கார வைப்பது இந்த அம்மாச்சிகள்தான். எந்தச் சம்பளப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

சின்னக் கம்பெனி, இடமில்லை, கட்டுப்படியாகாது என்பீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் இதே பேச்சுத்தான் இருந்தது. அப்புறம் பட்டறைகள் ஒன்று சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்து ஓட்டினீர்கள், அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சாயத்தண்ணீருக்குப் பொது நிலையம் கட்டத் தெரிந்த ஊருக்குப் பிள்ளைகளுக்குப் பொதுக் காப்பகம் நடத்தத் தெரியாதா? பல கம்பெனிகள் சேர்ந்து ஒன்று வைக்கலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. அனுப்பர்பாளையம், அங்கேரிபாளையம், பாண்டியன் நகர், வீரபாண்டி, மங்கலம் ரோடு என்று வேலைக்காரர்கள் குடியிருக்கிற இடமாகப் பார்த்து வையுங்கள். மாநகராட்சி கட்டடம் தரட்டும், கம்பெனிகள் ஆயா சம்பளம் தரட்டும். காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது வரை இருக்கட்டும். பக்கத்திலேயே பெரியவர்களுக்கும் ஒரு கூடம் போடுங்கள், பகலில் கால் நீட்டிப் படுக்க, பிரஷர் பார்க்க, கண் காட்ட.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்குத் தை மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சில வாரம் குனியக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் லீவு போட்டால் சனிக்கிழமை சம்பளம் இல்லை, வாடகையும் இல்லை. அம்மா இப்போதே, "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், அவன் பள்ளிக்கூடம் போகட்டும்" என்று ஆபரேஷனைத் தள்ளப் பார்க்கிறார். நான் விடுவதாக இல்லை. தைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் அறையிலாவது பெட்டிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஓவர்லாக் டெய்லர்,
திருப்பூர்.